ஒரு ஆழ்கடல் மீனைப் புதிய இனம் என்று எழுத ஆறு வருடம் எதற்கு?

கேள்வி இது: "கலிபோர்னியாவில் 2019லேயே பிடித்த ரோஜா நிற மீனை 2025ல்தான் புதிய இனம் என்று அறிவித்தார்கள். உள்ளங்கை அகல மீனைப் பற்றி எழுத ஆறு வருடம் என்ன செய்தார்கள்? எனக்கும் துறைமுகத்தில் பெயர் தெரியாத மீன் ஒன்று கிடைத்திருக்கிறது, என் பெயரை வைக்கலாமா?"

"என்ன செய்தார்கள்" என்று கேட்டீர்கள் பாருங்கள், அது எனக்குச் சுருக்கென்றது. இதே கேள்வியை என் அப்பா கேட்டிருக்கிறார், சித்தி கேட்டிருக்கிறார், பெண் பார்க்க வந்தவர்கள்கூடக் கேட்டிருக்கிறார்கள். அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். நீங்கள் அநேகமாக விலங்கியலோ மீன்வளமோ படிக்கிற மாணவராக இருப்பீர்கள், மீன் இப்போது ஹாஸ்டல் ஃபிரிட்ஜில் இருக்கும் என்று வைத்துக்கொள்கிறேன். தப்பென்றால் மன்னிக்கவும்.

முதலில் அந்த ரோஜா மீன். கேரிபுரோக்டஸ் கொலிகுலி என்று பெயர் வைத்திருக்கிறார்கள், உடம்பெல்லாம் சின்னச் சின்ன மேடுகளாக இருப்பதால் அந்தப் பெயர். மான்டெரே பக்கத்து ஆழ்பள்ளத்தில் 3,268 மீட்டர் ஆழத்தில் கிடைத்தது. 9.2 சென்டிமீட்டர் நீளம், ஒரே ஒரு பெண் மீன். உலகத்தில் அந்த இனத்துக்கு இருக்கும் சான்று மீன் அது ஒன்றுதான். அதை அறுத்துப் பார்த்து எலும்பை எண்ண முடியாது, அறுத்தால் போச்சு. அதனால் மைக்ரோ சிடி ஸ்கேன் எடுத்து முள்ளெலும்பை எண்ணினார்கள், டிஎன்ஏ பார்த்தார்கள், நத்தைமீன் என்ற அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே பெயர் வாங்கிய நானூறு சொச்சம் மீன்களில் இது எதுவும் இல்லை என்று காட்டினார்கள். அதே கட்டுரையில் இன்னும் இரண்டு புது மீன்களும் சேர்ந்தே வந்தன. மூன்று மீனுக்கும் சேர்த்து ஆறு வருடம் என்பது என் கணக்கில் நல்ல வேகம்.

இனி என் கதை. எனக்கு ஐந்து வருடம் ஆனது, அதுவும் ஒரே மீனுக்கு.

நான் குளச்சல்காரி. ஆராய்ச்சிக்காகக் கொல்லம் சக்திகுளங்கரை துறைமுகத்துக்கு வாரம் இரண்டு நாள் போவேன். ஆழ்கடல் இறாலுக்கு இழுக்கும் விசைப்படகுகள் அங்கே வந்து சேரும். இறாலை ஏலத்துக்கு எடுத்த பிறகு மிச்சம் ஒரு குவியல் கிடக்கும். தூத்துக்குடி, ராமேஸ்வரம் பக்கம் சங்காயம் என்பார்களே, அது. கிலோவுக்குச் சொற்ப விலையில் மீன்தூள் ஆலைக்குப் போய்விடும். என் ஆராய்ச்சி முழுக்க அந்தக் குவியலில்தான். எங்கள் ஊர்ப் பக்கத்து ஸ்ராங்கு (படகை ஓட்டுபவர்) ஒருவர், அப்பா வயதுதான் இருக்கும் ஆனாலும் அண்ணே என்றுதான் கூப்பிடுவேன், வித்தியாசமாக எது வந்தாலும் தனியாக ஐஸில் எடுத்து வைத்துக் கொடுப்பார்.

2016ல் ஒரு விடியற்காலை அவர் கொடுத்த பையில் மூன்று எலிவால் மீன்கள் இருந்தன. தலை பெரிதாக, உடம்பு பின்னால் போகப் போகச் சாட்டை மாதிரி மெலிந்துவிடும் மீன், மேக்ரூரிடே என்ற குடும்பம். ஆழத்திலிருந்து மேலே இழுக்கும்போது காற்றுப்பை ஊதிவிடுவதால் வயிறு வாய்வழியாக வெளியே தள்ளியிருக்கும், கண் பிதுங்கியிருக்கும். செதிலெல்லாம் வலையில் உரசிப் போயிருக்கும். உங்கள் மீனும் அப்படித்தான் இருக்கும். அது மீனின் உண்மையான முகம் இல்லை, அதை வைத்து வித்தியாசமான இனம் என்று நினைத்துவிடாதீர்கள்.

என்னை உறுத்தியது முதுகுத் துடுப்பின் நீண்ட முள். அந்தப் பக்கம் கிடைக்கும் என்று புத்தகங்கள் சொல்லும் இனத்துக்கு அந்த முள் வழவழவென்று இருக்க வேண்டும். இந்த மூன்றிலும் முள்ளின் முன்விளிம்பில் மேலிருந்து கீழாக நகத்தை இழுத்தால் மெல்லத் தட்டியது. கீழிருந்து மேலே இழுத்தால் ஒன்றும் தெரியவில்லை. லென்ஸில் பார்த்தால் மேல் நோக்கிச் சாய்ந்த பொடிப் பற்கள், அதுவும் முள்ளின் நுனிப் பாதியில் மட்டும். மற்றதெல்லாம் கிட்டத்தட்ட ஒத்துப்போகிறது, இது மட்டும் இல்லை. அன்று ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை, பெயர்கூட யோசித்து வைத்துவிட்டேன்.

அப்புறம்தான் வேலை தொடங்கியது. துடுப்புக் கதிர்களை எண்ணுவது, எக்ஸ்ரே எடுத்து முள்ளெலும்பை எண்ணுவது, கண்ணின் விட்டம், மூக்கு நீளம், தாடை நீளம், மோவாயில் தொங்கும் தாடியிழை நீளம் என்று அளப்பது. எலிவாலில் ஒரு சங்கடம், வால் நுனி பெரும்பாலும் ஒடிந்தே வரும். அதனால் மொத்த நீளத்தை நம்ப முடியாது, எல்லாவற்றையும் தலை நீளத்துக்கு எத்தனை சதவீதம் என்று கணக்கிட வேண்டும். மூன்று மீன் போதாதென்று இன்னும் கொண்டுவரச் சொல்லி, இரண்டு வருடத்தில் 14 சேர்ந்தன. ஒவ்வொன்றையும் மூன்று தடவை அளந்தேன். இதைப் படித்துவிட்டு "இப்போதெல்லாம் டிஎன்ஏ பார்த்தால் ஒரு வாரத்தில் முடிந்துவிடுமே" என்று யாராவது கமென்ட் போடுவீர்கள், தெரியும். டிஎன்ஏவும் பார்த்தேன். தரவுத்தளத்தில் எதோடும் சரியாகப் பொருந்தவில்லை. ஆனால் எதோடும் பொருந்தவில்லை என்றால் புது இனம் என்று மட்டுமா அர்த்தம்? பழைய இனத்தின் டிஎன்ஏவை இதுவரை யாரும் எடுத்துப் போடவில்லை என்றும் இருக்கலாம். இந்தியப் பெருங்கடல் ஆழ்கடல் மீன்களில் அப்படி நிறைய உண்டு.

ஆக, பழைய இனத்தின் மூல மீனையே பார்த்தாக வேண்டும். ஒரு இனத்துக்குப் பெயர் வைக்கும்போது எந்த மீனை வைத்து எழுதினார்களோ அந்த மீன் எங்காவது ஒரு ஜாடியில் இருக்கும். ஹோலோடைப் என்பார்கள். இப்போதைய விதிப்படி அது எந்த மியூசியத்தில் இருக்கிறது என்று சொல்லாமல் புதுப் பெயர் வைக்கவே முடியாது. நம் கடலின் ஆழ்கடல் மீன்களுக்குப் பாதிக் கதை ஆல்ஃபிரட் ஆல்காக் என்ற ராணுவ மருத்துவரிடம் போய் முடியும். 1888 முதல் 1892 வரை இன்வெஸ்டிகேட்டர் என்ற கடலாய்வுக் கப்பலில் மருத்துவராகவும் இயற்கையாளராகவும் இருந்தவர், வங்காள விரிகுடாவிலும் அரபிக்கடலிலும் வலை இறக்கி வந்ததையெல்லாம் எழுதி வைத்தார். அந்த மீன்களில் பல கொல்கத்தாவில் இருக்கின்றன. ஸ்ராங்கு அண்ணன் நல்ல விலைக்கு விற்கும் சிவப்பு ஆழ்கடல் இறாலுக்கு அறிவியல் பெயரே அரிஸ்டியஸ் ஆல்காக்கி. அதை அவரிடம் சொன்னபோது, "டாக்டருக்குக் கப்பல்ல என்ன வேலை மக்களே?" என்று கேட்டார்.

கொல்கத்தா போக ஒரு கடிதம் வேண்டும். அந்த ஒரு கடிதத்தை என் துறையிலிருந்து வாங்க ஏழு மாதம் ஆனது. கையெழுத்துப் போட வேண்டியவர் ஒவ்வொரு தடவையும் சொன்னது ஒன்றுதான்: "எதுக்கும்மா அங்க போகணும், வித்தியாசம்தான் தெரியுதே, புதுசுன்னு எழுதிப் போடு, பேப்பர் வரட்டும்." அவர் பெயரைச் சொல்ல மாட்டேன், இடத்தையும் சொல்ல மாட்டேன். நான் நன்றி கெட்டவள் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இப்படி அவசரத்தில் வைத்த பெயர்களைச் சுத்தம் செய்வதிலேயே வாழ்நாள் போன ஆராய்ச்சியாளர்கள் இருக்கிறார்கள்.

2018ல் ஹௌராவுக்கு ரயில் ஏறினேன். ஜாடியை எடுத்து வந்து மேசையில் வைத்தவர் ரொம்ப மரியாதையாக வைத்தார், அதை மறக்க முடியாது. உள்ளே நிறமே இல்லாமல் பழுப்பேறிய மீன், வால் ஒடிந்தது, நூலில் கட்டிய சீட்டு. தட்டில் எடுத்து வைத்து, ஈரம் காயவிடாமல், லென்ஸை அந்த முள்ளுக்குக் கொண்டுபோனேன். வழவழவென்றுதான் இருந்தது. சந்தோஷத்தில் கை நடுங்கியது. பிறகு விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்து நுனியைப் பார்த்தேன். பற்கள் இருந்தன. தேய்ந்து போய், ஆனால் அதே இடத்தில், அதே சாய்வில்.

விஷயம் இதுதான். மூல விவரிப்பில் அந்த முள்ளைப் பற்றி ஒரே வரி, அதுவும் இரண்டு விதமாகப் படிக்கக்கூடிய வரி. பின்னால் வந்த ஒருவர் அதை வழவழப்பு என்று எடுத்துக்கொண்டு அடையாள அட்டவணையில் போட்டார். அதற்குப் பின் வந்தவர்கள் எல்லாரும் அட்டவணையைப் பார்த்து எழுதினார்கள், ஜாடியை யாரும் திறக்கவில்லை. என் மீன் நூறு வருடத்துக்கு முன்பே பெயர் வாங்கிய மீன். முதலில் வைத்த முறையான பெயருக்குத்தான் உரிமை, விலங்குப் பெயர்களில் அது அடிப்படை விதி.

அன்று சாயங்காலம் ஸ்ராங்கு அண்ணனுக்குப் போன் செய்தேன். புதுசு இல்லை, முன்பே பெயர் இருக்கிறது என்றேன். அவர் வருத்தப்படவில்லை. "அவங்க எத்தன பாகத்துல இழுத்தாங்கண்ணு எழுதியிருக்கா?" என்று கேட்டார். இருந்தது, அந்தக் காலக் குறிப்பிலும் ஆழம் பாகக் கணக்கில்தான் (ஒரு பாகம் சுமார் ஆறு அடி). வாசித்தேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாம இழுத்ததும் கிட்டத்தட்ட அதே ஆழம்தான்" என்றார்.

2021ல் கட்டுரை வந்தது, புதிய இனம் என்று இல்லை, மறுவிவரிப்பு. அந்த மீனுக்கு முதன்முறையாகச் சரியான அளவுகள், எக்ஸ்ரே, நிறப் படம், டிஎன்ஏ எல்லாம் ஒரே இடத்தில். செய்தித்தாளில் வராது, ஆனால் இனி சக்திகுளங்கரையில் அதை எடுக்கும் எந்த மாணவரும் நான் அலைந்த மாதிரி அலைய வேண்டாம். அதில் எனக்கு உள்ளபடியே பெருமை. ஒரே குறை, நன்றி பகுதியில் ஸ்ராங்கு அண்ணன் பெயரையும் படகின் பெயரையும் எழுதியிருந்தேன், கடைசிப் பிரதியில் "உள்ளூர் மீனவர்கள்" என்று யாரோ மாற்றிவிட்டார்கள். இன்னும் ஆறவில்லை.

உங்கள் கேள்விக்குச் சம்பந்தம் இல்லாவிட்டாலும் இதையும் சொல்லிவிடுகிறேன். 2025ல் தமிழ்நாட்டு மீனவர்கள் வலையில் நீளமான துடுப்பு மீன் (ஓர்ஃபிஷ்) ஒன்று சிக்கியதும் "அழிவு மீன், சுனாமி வரப்போகிறது" என்று வாட்ஸ்அப்பில் அனுப்பினார்களே, அவர்களில் ஒருவராவது 2004 டிசம்பர் 26க்குப் பிறகு குளச்சலைப் பார்த்திருப்பார்களா? என் பாட்டி அந்த வீடியோவைப் பார்த்துவிட்டு மூன்று நாள் கடலோர வீட்டில் படுக்க மாட்டேன் என்றார். ஜப்பானில் இந்த நம்பிக்கையை எடுத்து 2019ல் கணக்குப் பார்த்தே விட்டார்கள். ஆழ்கடல் மீன் தென்பட்ட 336 சம்பவங்களை 221 நிலநடுக்கங்களோடு ஒப்பிட்டதில் பொருந்தியது ஒன்றே ஒன்று. ஆழத்து மீனைப் பற்றி நம் ஊரில் எழுதுவதென்றால் பயமுறுத்த மட்டும்தானா? 2024ல் ஸ்குவாலஸ் ஹிமா என்று ஒரு புதிய ஆழ்கடல் சுறாவை அதே சக்திகுளங்கரையில் கிடைத்ததை வைத்து விவரித்தார்கள். அதை எத்தனை பேர் ஃபார்வர்டு செய்தீர்கள்?

சரி, உங்கள் மீன். உங்கள் பெயரை நீங்களே வைப்பதை விதி தடுக்கவில்லை, ஆனால் இந்தத் துறையில் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள், அநாகரிகம் என்பார்கள். அந்தப் பேச்சே இப்போது வேண்டாம். மீன் இன்னும் ஐஸில் இருந்தால் இன்றைக்கே படம் எடுங்கள், தலை இடப்பக்கம் இருக்கும்படி, பக்கத்தில் ஸ்கேல் வைத்து, துடுப்பெல்லாம் விரித்து. நிறம் நாளைக்கு இருக்காது. வலப்பக்கத்திலிருந்து சுண்டு நகம் அளவுக்குச் சதை வெட்டித் தூய ஆல்கஹாலில் போடுங்கள். இடப்பக்கத்தைத் தொடாதீர்கள், அளப்பதும் வரைவதும் அந்தப் பக்கம்தான். சதை எடுத்த பிறகுதான் மீனை ஃபார்மலினில் போட வேண்டும், முன்னாலேயே போட்டால் டிஎன்ஏ கெட்டுவிடும். ஃபார்மலின் என்றதும் மீனில் கலப்படம் என்று யாரும் பதற வேண்டாம், இது சாப்பிடுகிற மீன் இல்லை. ஆனால் கையுறை போடுங்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள், ஹாஸ்டலில் செய்யாமல் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோங்கள்.

அதற்கெல்லாம் முன்னால் மீன் கொடுத்த படகுக்காரரைப் பிடியுங்கள், அடுத்த பயணம் கிளம்பிவிட்டால் பத்து நாள் கிடைக்க மாட்டார். எந்த இடம், எத்தனை பாகம், என்றைக்கு இழுத்தது என்று கேட்டு, பென்சிலால் தடித்த தாளில் எழுதி ஜாடிக்குள்ளேயே போட்டுவிடுங்கள். பேனா வேண்டாம், மை கரைந்துவிடும்.