வேலையை விட்டுப் போகிறவர் கையில் பாஸ்வேர்டு

கேள்வி: எங்கள் சிறு அலுவலகத்தில் எல்லோருக்கும் ஒரே ஜிமெயில் கணக்கு, ஒரே பாஸ்வேர்டு. ஒருவர் அடுத்த மாதம் வேலையை விட்டுப் போகிறார். பாஸ்வேர்டை மாற்றினால் போதுமா?

பதில்: போதாது. மீட்பு எண்ணோ மீட்பு மின்னஞ்சலோ அவருடையதாக இருந்தால், 'பாஸ்வேர்டு மறந்துவிட்டது' என்று அழுத்தி அவர் மறுபடி உள்ளே வரலாம். அவற்றை இப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் 7 நாள் வரை பழைய எண்ணுக்குச் சரிபார்ப்புக் குறியீடு போக வாய்ப்புண்டு. கடைசி நாள்வரை தள்ளிப்போடக் கூடாது என்பது அதனால்தான்.

அவர் கிளம்பும் அன்று பாஸ்வேர்டை மாற்றி, 'உங்கள் சாதனங்கள்' பட்டியலில் அவருடைய போன், லேப்டாப்பை வெளியேற்றுங்கள். அவருடைய பாஸ்கீ (பாஸ்வேர்டு இல்லாமலே கைரேகை, முகம் அல்லது திரைப் பூட்டால் உள்ளே நுழையும் வழி) இருந்தால் நீக்குங்கள். ஜிமெயில் அமைப்புகளில் ஃபார்வர்டிங்கையும் (வரும் கடிதங்களை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் வசதி) ஃபில்டர்களையும் (கடிதங்களை என்ன செய்வது என்று முன்கூட்டியே சொல்லிவைக்கும் விதிகள்) அவசியம் பாருங்கள். பலர் கோட்டைவிடுவது இங்கேதான்: பாஸ்வேர்டு மாறினாலும் கடிதங்களின் நகல் வெளியே போய்க்கொண்டே இருக்கும்.

இனி ஆளுக்கொரு கணக்கு கொடுங்கள். கூகுள் வொர்க்ஸ்பேஸ் (அலுவலகங்களுக்கான கூகுள் சேவை) என்றால், விலகுபவரின் கணக்கை அழிக்காமல் முதலில் முடக்கி, கோப்புகளை வேறொருவருக்கு மாற்றுங்கள். அழித்த கணக்கை மீட்க 20 நாள்தான் அவகாசம். நிர்வாகி உரிமை இரண்டு பேரிடம் இருக்கட்டும்.