ரெண்டு வயசு மகளோட வெள்ளவத்தையில இருந்து சென்னைக்கு

தங்கச்சி, காரில சத்தி, பிளேனில காதுவலி எண்டு ரெண்டுக்கும் பயந்து கேட்டிருக்கிறீங்கள். பிளேன் பெரிய விசயமில்லை. காதடைப்பு ஏறேக்கையை விட இறங்கேக்கதான் கூட. தரையிறங்க அரை மணித்தியாலத்துக்கு முன்னமே பிளேன் பதியத் தொடங்கும். அப்ப நித்திரையெண்டாலும் எழுப்பி, ஸ்ட்ரோ போத்தலில கொஞ்சங் கொஞ்சமாக் குடிக்கக் குடுங்கோ. விழுங்க விழுங்கக் காது திறக்கும். சளியெண்டா முதலே டொக்டரிட்டக் காட்டுங்கோ.

எனக்குப் பயம் கட்டுநாயக்க எயார்போட்டுக்குக் காரில போற பயணந்தான். ஹைவே ஏறுமட்டும் நிண்டு நிண்டு போறதிலதான் என்ரை மகன் சத்தி எடுப்பான். பால் குடுத்த கையோட ஏத்தாதேங்கோ, போனைப் பாக்க விடாதேங்கோ. மாத்துச்சட்டை உங்களுக்கும் ஒண்டு கைப்பையில இருக்கட்டும். நான் புளிச்ச பால் மணத்தோட மீனம்பாக்கத்தில இறங்கினனான்!

ரெண்டு வயசு முடிஞ்சிட்டுதெண்டா மடியில வச்சிருக்க ஏலாது, தனி சீட் எடுக்கோணும்.