பழைய கம்ப்யூட்டரின் விண்டோஸ் லைசென்ஸ்: முதலில் வகையைப் பாருங்கள்

கோத்தகிரி டீத்தூள் கடையின் பழைய பில்லிங் கம்ப்யூட்டரில் உள்ள விண்டோஸ் 10 ப்ரோ லைசென்ஸைப் புதுசுக்கு மாற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். லைசென்ஸ் எந்த வகை என்பதைப் பொறுத்தது.

பழைய கம்ப்யூட்டரில் கமாண்ட் ப்ராம்ப்ட் திறந்து, எஸ்எல்எம்ஜிஆர், ஓர் இடைவெளி, சாய்கோடு (/), டிஎல்ஐ என்று ஆங்கிலத்தில் அடித்து என்டர் தட்டுங்கள். ஒரு சின்னப் பெட்டி வரும். அதில் 'டிஸ்கிரிப்ஷன்' வரியில் ஓஇஎம் (கம்ப்யூட்டர் தயாரிப்பாளரே போட்டுத் தந்தது) என்றிருந்தால் ஆசையை விட்டுவிடுங்கள். அது அந்த மிஷினோடு பிறந்தது, அதோடுதான் போகும். வால்யூம் (கம்பெனிகளுக்கு மொத்தமாகத் தருவது) என்றிருந்தால் விற்றவரிடம் பில் கேளுங்கள். கடைக்கு அந்த வகை வர வாய்ப்பே குறைவு, யாரோ ஏதோ ஒரு கம்பெனியின் கீயை (லைசென்ஸுக்கான எழுத்தும் எண்ணும் கலந்த குறியீடு) போட்டுத் தள்ளியிருப்பார்கள்.

ரீடெய்ல் (தனியாக வாங்கியது) என்று வந்தால் சரி, மாற்றலாம். கீ எழுதிய அட்டையோ மெயிலோ கையில் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டு, பழையதில் அதே கட்டளையில் டிஎல்ஐக்குப் பதில் யுபிகே போட்டுக் கீயை நீக்குங்கள். புதியதிலும் ப்ரோ பதிப்பே இருக்க வேண்டும். ஹோம் இருந்தால் இந்தக் கீயே அதை ப்ரோவாக்கும். விண்டோஸ் 11-க்கும் இதே கீ போதும். 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டதால் 11-ஐயே போடுங்கள். மழையில் பிராட்பேண்ட் போனாலும் புதியதில் கீயைப் போட்டு இணையம் வழியே லைசென்ஸைச் சரிபார்க்கும் ஆக்டிவேஷனுக்கு மொபைல் ஹாட்ஸ்பாட் தாராளம்.