ஓட்டு வீடும் ஒண்ணேகால் ஏக்கரும்: சில கேள்விகள், சில பதில்கள்

சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் 19 வருஷம் வெல்டராக இருந்துவிட்டு, 2017-ல் புதுச்சேரியில் பாகூர் பக்கம் தாத்தாவின் வீட்டுக்குத் திரும்பினேன். நாட்டு ஓடு போட்ட முற்றத்து வீடு, பின்னால் மாட்டுக் கொட்டகை, ஒண்ணேகால் ஏக்கர் நிலம், ஒரு கிணறு. கொட்டகையை விருந்தினர் தங்கும் குடிலாக மாற்றி இப்போது வார இறுதிக்கு வாடகைக்கு விடுகிறோம். அதே ஆசையோடு வெளியூரிலும் வெளிநாட்டிலும் இருக்கிறவர்கள் கேட்ட கேள்விகள் சேர்ந்துவிட்டன. நான் வக்கீலும் இல்லை, இன்ஜினியரும் இல்லை. பட்டுத் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன்.

ஷார்ஜாவிலிருந்து: அண்ணா, பண்ருட்டி பக்கம் 80 சென்ட் முந்திரித் தோப்பு விலைக்கு வருகிறது. உள்ளே ஒரு பழைய வீடும் இருக்கிறது. இங்கிருந்தபடியே என் பெயரில் வாங்கிவிடலாமா?

முடியாது தம்பி. இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருந்தாலும், நீங்கள் வெளிநாட்டில் வசிக்கிறவர். ஃபெமா என்கிற அந்நியச் செலாவணிச் சட்டப்படி வீடு வாங்கலாம், கடை வாங்கலாம். விவசாய நிலம், தோட்டம், பண்ணை வீடு இந்த மூன்றையும் வாங்கக் கூடாது. வாரிசாக வந்தால் வைத்துக்கொள்ளலாம். "மச்சான் பெயரில் வாங்கிப் போடு, அப்புறம் மாற்றிக்கலாம்" என்று தரகர் சொல்வார். அந்த யோசனையால் பேச்சுவார்த்தை நின்றுபோன குடும்பங்கள் எங்கள் தெருவிலேயே இரண்டு உண்டு. வேலையை முடித்துக்கொண்டு நிரந்தரமாக ஊருக்கே வந்துவிட்டீர்கள் என்றால் கதை வேறு. அப்போது உங்கள் பெயரிலேயே தாராளமாக வாங்கலாம். அதுவரை பட்டா, சிட்டா, புலப்படம், 30 வருஷ வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் பார்த்து வையுங்கள். முந்திரித் தோப்பு என்றால் பாதை இருக்கிறதா என்று முக்கியமாகப் பாருங்கள். அடுத்தவன் தோப்பு வழியாகத்தான் வண்டி போகும் என்றால் செங்கல் லோடு உள்ளே வராது.

பாரிஸ் புறநகரிலிருந்து: அப்பா 1962-ல் பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தெடுத்தவர். வெளிநாட்டுக் குடியுரிமை உள்ள இந்திய வம்சாவளியினருக்குத் தரும் ஓசிஐ அட்டை என்னிடம் இருக்கிறது. பாகூரில் பாட்டி வழியில் வந்த நிலம். பத்திரத்தில் ஆர், செந்தியார் என்று எழுதியிருக்கிறது, ஊரில் குழி என்கிறார்கள். எனக்கு எவ்வளவு நிலம் இருக்கிறதென்றே தெரியவில்லை!

வாரிசாக வந்தது என்பதால் வைத்துக்கொள்ளலாம் அம்மா, பயிர் வைக்கலாம். விற்க நினைத்தால் இந்தியாவில் வசிக்கும் இந்தியக் குடிமகனுக்கு மட்டும்தான் விற்கலாம். பிரான்சில் இருக்கிற தங்கைக்கு விற்க முடியாது.

அளவு விஷயம் எல்லோரையும் குழப்புவதுதான். புதுச்சேரிக் குழி என்பது 24 அடிக்கு 24 அடி, அதாவது 576 சதுர அடி. ஓர் ஏக்கருக்குச் சுமார் 75 குழி வரும், ஒரு ஹெக்டேருக்கு 187 குழி. ஓர் ஆர் என்பது 100 சதுர மீட்டர், ஏறத்தாழ இரண்டே கால் சென்ட்டுக்கும் இரண்டரை சென்ட்டுக்கும் நடுவில். அதில் நூறில் ஒரு பங்குதான் செந்தியார். இதே குழி தஞ்சாவூர்ப் பக்கம் 144 சதுர அடிதான். அந்த ஊர்ச் சம்பந்தி யாராவது கணக்குப் பார்க்க உட்கார்ந்தால் நிலம் கால் பங்காகச் சுருங்கிவிடும். இன்னொன்று: எங்கள் பக்கம் ஒரு வரப்பு புதுச்சேரி, அடுத்த வரப்பு கடலூர் மாவட்டம். உங்கள் புல எண் எந்தப் பக்கம் என்பதை முதலில் உறுதி செய்யுங்கள். எந்த ஆபீஸ், எந்த மின்துறை, எந்தப் பஞ்சாயத்து என்பதெல்லாம் அதைப் பொறுத்தது.

சென்னையிலிருந்து: அடுத்த மாதம் சாவி கைக்கு வருகிறது. முதலில் எதை இடிப்பது, எதைக் கட்டுவது?

ஒன்றையும் இடிக்காதீர்கள். ஒரு ஐப்பசி, கார்த்திகை முழுக்க அந்த வீட்டில் படுத்துப் பாருங்கள்.

விளையாட்டாகச் சொல்லவில்லை. நம் பக்கம் வருஷத்து மழையில் பெரும் பங்கு அக்டோபரிலிருந்து டிசம்பருக்குள் கொட்டிவிடுகிறது. சித்திரையில் வந்து பார்க்கிற வீடு வேறு, கார்த்திகையில் பார்க்கிற வீடு வேறு. எந்தச் சுவரில் ஈரம் ஏறுகிறது, எந்த மூலையில் ஓடு சொட்டுகிறது, பக்கத்து வயல் தண்ணீர் எந்த வழியாக உங்கள் வாசலுக்கு வருகிறது என்பதெல்லாம் வெயிலில் தெரியாது. நான் கொட்டகையின் தரையை முதல் வருஷமே அழகாகத் தாழ்த்திப் போட்டேன், குளுமையாக இருக்கும் என்று. பக்கத்து வீட்டுப் பெரியவர் வேலிக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்தார். "மாடு நின்ன இடமாச்சே, ஏன் மேடா வச்சாங்கன்னு யோசிச்சியா?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போய்விட்டார். 2020 நவம்பரில் நிவர் புயல் மழையில் பதில் கிடைத்தது, முழங்கால் அளவு. அந்தத் தரையை உடைத்து இரண்டடி உயர்த்தியதில் ஒரு வருஷச் சேமிப்பு போனது.

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் கரை கடந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் 48 சென்டிமீட்டர் மழை. அதைத் தாங்கிவிட்டோம் என்று மூச்சு விட்டால், சாத்தனூர் அணை நீர் தென்பெண்ணையில் வந்து ஊர்களுக்குள் ஏறியது. வானம் வெளுத்த பிறகு வந்த வெள்ளம் அது. ஆகையால் மழை மட்டும் பார்த்தால் போதாது, ஆறும் பாருங்கள். பழைய ஆட்களிடம் "2015-ல் எதுவரை வந்தது, போன தடவை எதுவரை வந்தது?" என்று கேட்டு, சுவரில் கரிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். கட்டுகிற எதுவும் அந்தக் கோட்டுக்கு மேலே இருக்க வேண்டும்.

சிங்கப்பூரிலிருந்து: சுவரில் கீழ்ப்பக்கம் காரை உதிர்ந்து வெள்ளையாக உப்பு பூக்கிறது. சிமெண்ட் பூசி வாட்டர் புரூஃப் பெயின்ட் அடித்தால் சரியாகிவிடும் என்கிறார் கொத்தனார்.

அதே கொத்தனார் மாதிரி ஒருவர்தான் எனக்கும் சொன்னார். பூசினோம். ஒரே மழைக்காலம், இடுப்பளவு உயரத்துக்குப் பூச்சு அப்பளம் மாதிரி உப்பி, கையால் தட்டினால் பலகையாகக் கழன்று வந்தது. பழைய செங்கல்லையும் கூட்டிக்கொண்டு வந்ததுதான் கொடுமை.

காரணம் எளிது. பழைய சுவர் சுண்ணாம்புக் காரையில் கட்டியது. நிலத்திலிருந்து ஈரம் ஏறும், சுண்ணாம்பு வழியாக வெளியே காய்ந்துபோகும். சிமெண்ட் அந்த வழியை அடைத்துவிடுகிறது. உள்ளே மாட்டிய ஈரம் இன்னும் மேலே ஏறி, உப்பையும் கூட்டிக்கொண்டு பூச்சுக்குப் பின்னால் உட்கார்ந்து தள்ளுகிறது. கடல் பக்கத்து மண் என்றால் கேட்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: சிமெண்ட்டைச் செங்கல் தெரியச் சுரண்டி எடுங்கள். தையிலிருந்து ஆனி வரை சும்மா விடுங்கள், காயட்டும். பூத்த உப்பைக் காய்ந்த துடைப்பத்தால் தள்ளுங்கள், தண்ணீர் ஊற்றிக் கழுவாதீர்கள். அப்புறம் சுண்ணாம்பு. நீற்றி, சலித்து, தண்ணீருக்கடியில் சில வாரமாவது ஊறிய சுண்ணாம்பாக இருக்கட்டும். கடுக்காயும் வெல்லமும் ஊறப்போட்டுப் புளிக்கவைத்த தண்ணீரில் கலவை குழைப்பார்கள். வாசனைக்கு மூக்கைப் பிடிக்க வேண்டியிருக்கும், ஆனால் பிடிமானம் நன்றாக வரும். இந்த வேலை தெரிந்த ஆட்கள் குறைந்துவிட்டார்கள். புதுச்சேரியில் பழைய வீடுகளைப் புதுப்பிக்கிற இன்டாக் என்ற பாரம்பரியப் பாதுகாப்பு அமைப்பின் ஆட்களிடமோ, ஆரோவில்லில் கட்டட வேலை செய்கிறவர்களிடமோ விசாரித்தால் யாராவது ஒரு மேஸ்திரியைக் கைகாட்டுவார்கள். மேலே வெள்ளையும் சுண்ணாம்புதான் அடிக்க வேண்டும். பிளாஸ்டிக் பெயின்ட் அடித்தால் மறுபடி முதலிலிருந்து.

கோலாலம்பூரிலிருந்து: ஓட்டைப் பிரித்துவிட்டுக் கான்கிரீட் தளம் போட்டால் தொல்லை விடுமே?

மண் சுவர் அல்லது சுண்ணாம்புச் சுவர் என்றால் அந்த எடையைத் தாங்குமா என்று இன்ஜினியரைக் கேட்காமல் தொடாதீர்கள். எனக்கு ஓடுதான் பிடிக்கும். ஆனால் நாட்டு ஓடு சோம்பேறிக்கு ஆகாது. அணிலும் பூனையும் நகர்த்தும், ஆடி ஆவணிக்குள் ஆள் ஏற்றித் திருப்பிப் போட வேண்டும். ஓட்டைத் தாங்கும் பனங்கைகளைச் சுத்தியால் தட்டிப் பாருங்கள், பொத்தென்று சத்தம் வந்தால் உள்ளே கரையான். குடிலுக்கு நான் மங்களூர் ஓடு போட்டேன். 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தபோது ஓரத்து ஓடுகள்தான் முதலில் பறந்தன என்று ஊரில் சொல்வார்கள். அதனால் கூரையின் ஓர வரிசைகளைக் கம்பி போட்டுக் கட்டி, முகட்டைக் கலவையில் பதித்துவிட்டேன்.

மஸ்கட்டிலிருந்து: தினமும் வீடியோ காலில் வேலையை மேற்பார்வை செய்தால் போதாதா?

போனில் சுவர் எப்போதும் நேராகத்தான் இருக்கும். தூக்குக்குண்டு போட்டால்தான் தெரியும்.

சனிக்கிழமை கூலி கொடுக்க ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும், அந்த ஆள் உங்கள் பணத்தைத் தன் பணமாக நினைக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் காத்திருங்கள். பொங்கல் வாரம், நடவு, அறுப்பு, மாசி மகம் என்று ஆள் வராத நாட்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடுங்கள். மாசி மகத்துக்குக் கடலூர் தேவனாம்பட்டினத்தில் சாமி கடலுக்கு வரும் அன்று எந்தச் சித்தாளும் உங்களுக்குக் கலவை சுமக்க மாட்டார், சுமக்கவும் வேண்டாம். இரண்டு வருஷம் என்று நான் போட்ட திட்டம் நாலு வருஷம் ஆனது. யாருக்காவது பவர் எழுதிக் கொடுப்பதானால் தூதரகத்தில் சான்று பெற்று, பத்திரம் இந்தியா வந்து 3 மாதத்துக்குள் முத்திரைத் தீர்வை கட்டிவிடுங்கள். விற்கும் அதிகாரத்தை மட்டும் அதில் சேர்க்காதீர்கள்.

பெங்களூரிலிருந்து: ஒரு ஏக்கரில் என்ன வைத்தால் வருமானம் வரும்? இயற்கை விவசாயம்தான் செய்வேன்.

வருமானத்தை மறந்துவிடுங்கள், செலவு அடங்கினால் போதும். சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பங்காரு வாய்க்கால் வழியாக ஏரிக்குத் தண்ணீர் வரும் ஊர் எங்களுடையது, எனவே அரை ஏக்கர் நெல். அதைப் பக்கத்து வீட்டுக்காரர் வாரத்துக்கு, அதாவது விளைச்சலில் பங்குக்குச் செய்கிறார். மீதியில் தென்னை, வாழை, முருங்கை, கொஞ்சம் கருணைக்கிழங்கு. ஊரில் இல்லாதவர்கள் எல்லோரும் சவுக்கு போடுவார்கள். மூணு, நாலு வருஷம் திரும்பிப் பார்க்க வேண்டாம். ஒரு புயல் வந்தால் திரும்பிப் பார்க்க ஒன்றும் இருக்காது. செம்மண் பூமி என்றால் பலா வையுங்கள். உங்கள் பிள்ளைகள் பறிப்பார்கள்.

அதே நபர்: மோட்டார் கொட்டகை இலவச மின்சாரத்திலிருந்து வீட்டுக்கு ஒரு வயர் இழுக்கலாமா?

கூடாது. வீட்டுக்கும், விருந்தினர் குடிலுக்கும், கட்டட வேலைக்கும் தனித்தனியாக முறைப்படி கேளுங்கள்.

துபாயிலிருந்து: மனைவி பாம்புக்குப் பயப்படுகிறார். உண்மையிலேயே இருக்கிறதா?

இருக்கிறது. வைக்கோல் போர், செங்கல் அடுக்கு, உடைந்த ஓட்டுக் குவியல் மூன்றும் வீட்டை விட்டுத் தள்ளி இருக்கட்டும். புதுப்பிக்கிற வீட்டில் இந்த மூன்றும்தான் திண்ணையிலேயே கிடக்கும்! ராத்திரி தரையில் பாய் போட்டுப் படுக்காதீர்கள். கட்டுவிரியன் கடித்தால் பல நேரம் வலியே தெரியாது, தூக்கத்திலேயே ஆள் மோசமாகிவிடுவார். கட்டில், கொசுவலை, டார்ச். கடித்துவிட்டால் இறுக்கிக் கட்டுவது, கீறுவது, வேப்பிலை எதுவும் வேண்டாம். அசையவிடாமல் நேராகக் கடலூர் அரசு மருத்துவமனை அல்லது புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனை, எது கிட்டமோ அது.

லண்டனிலிருந்து: கடல் தெரிகிற மாதிரி சின்ன குடில் கட்டி வெள்ளைக்காரர்களுக்கு விட ஆசை.

கடலின் உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கடலோர ஒழுங்குமுறை மண்டலம். கழிமுகமும் அதில் வரும். "எல்லோரும் கட்டியிருக்கிறார்கள்" என்பது அனுமதி ஆகாது. தண்ணீரையும் பாருங்கள், கரையோரப் போர்வெல் பல இடத்தில் உவர்த்துவிட்டது. நிலம் வாங்கும் முன் ஒரு பாட்டில் தண்ணீரைச் சோதனைக்குக் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்ல தண்ணீர். கழிவுத் தொட்டி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்கட்டும். வெளிநாட்டுப் பாஸ்போர்ட்காரர் யார் தங்கினாலும், உங்கள் சொந்த அத்தை மகனாக இருந்தாலும், 24 மணி நேரத்துக்குள் குடிவரவுத் துறையின் இணையதளத்தில் பதிய வேண்டும்.

அப்புறம், எங்களிடம் வருகிறவர்கள் கடலைக் கேட்பதே இல்லை. காலையில் கிணற்றடியில் உட்கார்ந்து, என் மனைவி முருங்கைக்கீரை ஆய்வதைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். போன வாரம் ஒரு பிரெஞ்சுப் பாட்டி தானும் ஆய்கிறேன் என்று உட்கார்ந்து, காம்போடு சேர்த்து ஆய்ந்து வைத்தார். மனைவி ஒன்றும் சொல்லவில்லை. அவர் எழுந்து போனதும் திரும்ப ஆய்ந்தாள்.