கால்பந்து கேள்வி பதில்

கேள்வி: 2023 நவம்பர்ல செல்சிகிட்ட டாட்டன்ஹாம் 1-4னு தோத்த மேட்ச்ல, 9 பேரா ஆனப்புறமும் டிஃபன்ஸ நடுக்கோடு வரைக்கும் ஏத்தி நிறுத்தினாரே புது மேனேஜர் போஸ்டகோக்லு, அது தைரியமா முட்டாள்தனமா? எங்க ரூம்ல இன்னும் சண்டை ஓயல.

பதில்: நான் தைரியம்னுதான் சொல்லுவேன். முதல்ல டாட்டன்ஹாம் டிஃபண்டர் ரொமேரோவுக்கு ரெட் கார்டு, அப்புறம் உடோகிக்கு, நடுவுல இன்னொரு டிஃபண்டர் வான் டி வென் காயம்பட்டு தொடையில கை வச்சு உக்காந்துட்டாரு, அவரோட வேகத்த நம்பித்தான் டிஃபன்ஸ ஏத்தி நிறுத்துற அந்த ஹை லைனே, அது இல்லாமலும் மனுஷன் பின்வாங்கல. கோல்கீப்பர் விகாரியோ பாக்ஸ விட்டு ஓடி வந்து ஓடி வந்து பந்த அடிச்சு வெளிய தள்ளினத பாத்தீங்கல்ல, 75வது நிமிஷம் வரைக்கும் 1-1தாங்க! 1-2 ஆனப்புறமும் டாட்டன்ஹாமோட டையர் ஒரு கோல் அடிச்சு ஆஃப்சைடுன்னு செல்லாம போச்சு, செல்சியோட ஜாக்சன் அடிச்ச கடைசி ரெண்டு கோலும் இஞ்சுரி டைம்ல வந்தது.

ஆனா உங்க ரூம்ல எதிர்க்கட்சி சொல்றதுலயும் நியாயம் இருக்கு. அடுத்த சீசன்ல டிஃபண்டருங்க வரிசையா காயம்பட்டப்போ ஸ்டைல மாத்த ரொம்ப லேட் பண்ணிட்டாரு, லீக்ல 17வது இடம், எனக்கே மனசு விட்டுப்போச்சு. அதே மனுஷன் 2025 மே மாசம் பில்பாவோல மான்செஸ்டர் யுனைடெட்டோட யூரோப்பா லீக் ஃபைனல்ல 1-0 லீட் எடுத்துட்டு, அஞ்சு பேர பின்னாடி நிறுத்தி கதவ சாத்தி கப்ப தூக்கினாரு, 2008க்கு அப்புறம் கிளப்புக்கு முதல் கப்பு. பதினாறே நாள்ல அவர வேலைய விட்டு அனுப்பிட்டாங்க, அதுதான் எனக்கு இன்னும் ஆறல.