கடையில் வாங்கிய ஆப்பிள் பை: மேலே பொன்னிறம், அடியில் வேகாத மாவு

கேள்வி: தேங்க்ஸ்கிவிங் விருந்துக்காக அமெரிக்கக் கடையில் உறைந்த ஆப்பிள் பை (pie, மாவு ஓட்டுக்குள் பூரணம் வைத்துச் சுடுவது) வாங்கினேன். பெட்டியில் சொன்னபடி 400 டிகிரியில் 60 நிமிடம் அவனில் (oven) வைத்தேன். மேலே அழகாகச் சிவந்திருந்தது. வெட்டினால் அடி ஓடு வெள்ளையாக, ஈரமாக இருக்கிறது, பூரணமும் தண்ணீராக ஓடுகிறது. பை மோசமா, என் அவன் மோசமா?

பதில்: பெரும்பாலும் இரண்டுமே இல்லை. நிமிடத்தையும் நிறத்தையும் மட்டும் நம்பி எடுத்ததுதான் காரணம். கல்லாக உறைந்த ஒன்றேகால் கிலோ பழமும் மாவும் உள்ளே போகிறது. மேல் ஓட்டில் சூடான காற்று நேராகப் படுவதால் அது சீக்கிரம் சிவந்துவிடும். அடி ஓட்டுக்கு மேலே பனிக்கட்டியான பூரணம், கீழே வெப்பத்தைத் திருப்பி அனுப்பும் பளபளப்பான அலுமினியத் தட்டு. அது வேகத் தொடங்கவே நேரமாகும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். விளிம்புள்ள, கருநிற ட்ரே ஒன்றை அவனின் கீழ்த் தட்டில் வைத்து, 400 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு (205 செல்சியஸ்) சூடேற்றுங்கள். 'பீப்' ஒலி கேட்டதும் பையை உள்ளே தள்ளிவிட வேண்டாம். அப்போது காற்றுதான் சூடாகியிருக்கும், சுவர்களும் ட்ரேயும் ஆகியிருக்காது. இன்னும் 15, 20 நிமிடம் பொறுங்கள். மேல் ஓட்டில் நான்கைந்து கீறல் போட்டு, பையை அதன் அலுமினியத் தட்டோடு அந்தச் சூடான ட்ரே மேல் வையுங்கள். அடி வேகும் ரகசியம் இந்தச் சூட்டில்தான் இருக்கிறது. பொங்கி வழியும் பாகையும் ட்ரே பிடித்துக்கொள்ளும். கண்ணாடிப் பாத்திரத்துக்கு மட்டும் உறைந்த பையை மாற்றிவிடாதீர்கள், திடீர்ச் சூட்டில் வெடித்துவிடும்.

ஓரம் சிவந்ததும் ஃபாயிலைப் பட்டையாகக் கிழித்து ஓரத்தைச் சுற்றி மூடுங்கள். நடுவும் சிவந்துவிட்டால் முழுப் பையின் மேலும் ஃபாயிலைத் தளர்வாகப் போர்த்திவிட்டு, வேகட்டும் என்று விடுங்கள். 75 நிமிடமும் ஆகலாம், அதற்கு மேலும் ஆகலாம். ஓரத்துக் கீறலில் கொதிப்பது கணக்கில்லை. நடுக் கீறல் வழியாகப் பாகு கெட்டியாக, மெதுவாகக் கொப்பளிக்க வேண்டும். சமையல் தெர்மாமீட்டர் இருந்தால் நடுவில் குத்திப் பாருங்கள், 200 டிகிரி (93 செல்சியஸ்) தாண்டியிருக்க வேண்டும். பூரணத்திலுள்ள மாவுச்சத்து கொதிநிலையை நெருங்கினால்தான் முழுதாகக் கெட்டிப்படும். உங்கள் பூரணம் ஓடியதற்கு அந்தச் சூட்டை எட்டாததே முதல் காரணம்.

இரண்டாவது காரணம், ஆறவிடாமல் வெட்டுவது. சுடச்சுட இருக்கும் பாகு, நன்றாக வெந்திருந்தாலும் ஓடத்தான் செய்யும். குறைந்தது இரண்டு மணி நேரமாவது ஆறவிடுங்கள். நான்கு மணி நேரம் ஆறினால் துண்டு நேராக நிற்கும். விருந்து ஏழு மணிக்கு என்றால் பை மூன்று மணிக்கே வெளியே வந்திருக்க வேண்டும்.

இப்போது வேகாமல் நிற்கும் பையைத் தூக்கி எறியாதீர்கள். மேலே ஃபாயில் மூடி, 375 டிகிரியில் கீழ்த் தட்டில் இன்னும் 20, 25 நிமிடம் வையுங்கள். வெட்டிய பக்கத்தில் பாகு வழியும், சுவை கெடாது. வேகாத மாவை மட்டும் 'பரவாயில்லை' என்று சாப்பிட வேண்டாம். பச்சை மைதாவில் கிருமி இருக்கக்கூடும்.

கேள்வி: முந்தின இரவே ஃபிரிட்ஜில் வைத்து இளக்கிவிட்டால் சீக்கிரம் வேகுமே?

பதில்: வேகும், ஆனால் கெடும். இளகும் பழம் விடும் தண்ணீரை அடி மாவு குடித்துவிடும். வேகாத பழப் பை ஃப்ரீஸரிலிருந்து நேராக அவனுக்குப் போகட்டும். ஏற்கெனவே சுட்டு உறையவைத்த பை வேறு ரகம். அதை இளக்கினாலே போதும், மொறுமொறுப்பு வேண்டுமானால் 350 டிகிரியில் 15 நிமிடம். எது எந்த ரகம் என்று பெட்டியில் இருக்கும். வாங்கும்போதே அந்த ஒரு வரியைப் படித்துவிடுங்கள்.

கேள்வி: வேகாத பூசணிப் பைக்கு மேல் ஓடே கிடையாது. கொதிப்பதும் தெரியாது. எப்போது எடுப்பது?

பதில்: அது முட்டையும் பாலும் சேர்ந்த பூரணம். ஆப்பிள் பைக்கு நேர் எதிர், அதிகம் வெந்தால்தான் ஆபத்து. தட்டை லேசாக அசைத்துப் பாருங்கள். ஓரம் அசையாமல், நடுவில் இரண்டு அங்குலம் மட்டும் ஜெல்லி போல ஆடினால் எடுத்துவிடலாம். நடுச்சூடு 175 டிகிரி (80 செல்சியஸ்). எடுத்த பிறகும் உள்சூட்டில் அது இறுகும். மேலே வெடிப்பு விட்டிருந்தால் கூடுதலாக வெந்துவிட்டது என்று பொருள். சூடு தணிந்ததும், இரண்டு மணி நேரத்துக்கு மேல் வெளியே விடாமல் ஃபிரிட்ஜில் வையுங்கள், மூன்று நான்கு நாளில் முடித்துவிடுங்கள். கடையில் பூசணிப் பையை மேசைமேல் அடுக்கியிருக்கிறார்களே என்று குழம்ப வேண்டாம். கெடாதிருக்கப் பொருள் சேர்த்துச் செய்தவை அவை. உங்கள் பெட்டி என்ன சொல்கிறதோ அதுதான் உங்களுக்கு.

கேள்வி: நாங்கள் சைவம். பழப் பைதானே, நம்பி வாங்கலாமா?

பதில்: நம்பாதீர்கள், படியுங்கள். அமெரிக்காவில் நம் ஊர்ப் பச்சைப் புள்ளி கட்டாயமில்லை. பை ஓட்டில் பன்றிக் கொழுப்பான லார்ட் சேர்ப்பது அங்கே பழைய வழக்கம். ஆப்பிள் பையிலும் இருக்கலாம், ஃபிரிட்ஜ் பகுதியில் சுருட்டி விற்கும் வெறும் ஓட்டிலும் இருக்கலாம். இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று உண்டு. பெட்டியின் அடியில் கோதுமை, பால், முட்டை என்று தடித்த எழுத்தில் ஒரு வரி இருக்கும். அது ஒவ்வாமைக்கான வரி மட்டுமே. லார்ட் அந்தப் பட்டியலில் வராது. மேலே பொடி எழுத்தில் உள்ள முழுப் பட்டியலில் லார்ட், மாட்டுக் கொழுப்பான டேலோ, கிரீம் பை என்றால் விலங்கின் தோல், எலும்பிலிருந்து எடுக்கும் ஜெலட்டின் ஆகியவற்றைத் தேடுங்கள். பிரிட்டனில் கிறிஸ்துமஸுக்கு விற்கும் மின்ஸ் பையில் இன்று இறைச்சி இல்லை, உலர்பழம்தான். ஆனால் மரபான பூரணத்தில் சூயெட் என்ற மாட்டுக் கொழுப்பு சேரும். தாவரக் கொழுப்பில் செய்தவையும் தாராளமாகக் கிடைக்கின்றன, சைவக் குறி பார்த்து எடுங்கள்.

கேள்வி: செர்ரி பையில் செர்ரியே குறைவாக இருக்கிறது. புகார் செய்ய முடியுமா?

பதில்: முன்பு சட்டமே இருந்தது. உறைந்த செர்ரி பையின் எடையில் குறைந்தது 25 சதவீதம் செர்ரி இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகத்தின் விதி. மற்ற உறைந்த பழப் பைகளுக்கு அப்படி ஒன்று இருந்ததே இல்லை. செர்ரிக்கான அந்த விதியையும் 2024-இல் நீக்கிவிட்டார்கள். நம் கையில் மிஞ்சியிருப்பது பொருள் பட்டியல்தான். எடை அதிகமானது முதலில் வர வேண்டும் என்பது விதி. முதலில் பழத்தின் பெயர் இருந்தால் வாங்குங்கள். தண்ணீரோ சோளப் பாகோ இருந்தால் வைத்துவிடுங்கள். பெட்டிக்குள் பனித்துகள் கொட்டிக் கிடந்தாலும் வேண்டாம், ஒரு முறை இளகி மறுபடி உறைந்த பையாக இருக்கக்கூடும்.

கேள்வி: கோழிக்கறிப் பூரணம் வைத்த சிக்கன் பாட் பையை மைக்ரோவேவில் வைத்தால் போதாதா?

பதில்: பெட்டி அனுமதித்தால் வைக்கலாம், கவனம் தேவை. 2007-இல் அமெரிக்காவில் உறைந்த பாட் பையால் சால்மொனெல்லா என்ற கிருமி பரவி, பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கானோர் நோயுற்றார்கள். மைக்ரோவேவ் சமமாகச் சூடேற்றாது, ஓரம் கொதிக்கும்போது நடு குளிர்ந்தே இருக்கும். பெட்டியில் உள்ள நிமிடம் குறிப்பிட்ட வாட் அளவுக்கானது. உங்கள் மைக்ரோவேவின் கதவோரத்தில் ஒட்டியிருக்கும் அளவோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வெளியே எடுத்து மூன்று, ஐந்து நிமிடம் வைக்கச் சொல்வதும் சமையலின் ஒரு பகுதிதான், தவிர்க்காதீர்கள். நடுவில் இரண்டு மூன்று இடங்களில் குத்திப் பார்த்து, எல்லா இடத்திலும் 165 டிகிரி (74 செல்சியஸ்) காட்டிய பிறகே குழந்தைகளின் தட்டில் வையுங்கள்.