ஏலக்காய் தேடுபவர் எல்லாம் ஏலக்காய் வாங்குபவர் இல்லை: கீவேர்டு கேள்வி-பதில்

போடியிலிருந்து மார்த்தாண்டம் வரை, கேரள எல்லையை ஒட்டிக் கடையும் லாட்ஜும் ஜீப்பும் வைத்திருப்பவர்களிடமிருந்து இந்த முறை கீவேர்டு பற்றி, அதாவது மக்கள் கூகுளில் அடித்துத் தேடும் சொற்களைப் பற்றி, நிறையக் கேள்விகள். ஒரே சந்தேகத்தைப் பலர் கேட்டிருந்ததால் சிலவற்றைச் சேர்த்துவிட்டேன்.

சார், சில்லறையில் ஏலக்காய் விற்க வெப்சைட் போட்டிருக்கிறோம். 'ஏலக்காய்' என்ற சொல்லைப் பக்கத்துக்குப் பத்து இடத்தில் வைத்தும் கூகுளில் தலைகாட்டவில்லை. என்ன செய்யலாம்? – போடிநாயக்கனூர் வாசகர்

முதலில் அந்தப் பத்தில் ஏழெட்டை எடுத்துவிடுங்கள். ஒரே சொல்லைத் திணிப்பதை கூகுள் ஸ்பேம் கணக்கில் வைத்திருக்கிறது.

அடுத்து, போனில் இன்காக்னிட்டோ (உங்கள் பழைய தேடல்கள் குறுக்கிடாத தனி ஜன்னல்) திறந்து 'ஏலக்காய்' என்று மட்டும் அடித்துவிட்டு, கூகுள் கீழே காட்டும் பட்டியலைப் படியுங்கள். விலை, நன்மைகள், டீ, செடி வளர்ப்பு என்று ஆளுக்கொரு திசையில் போகும். நன்மைகள் தேடுபவர் வீட்டில் இருக்கும் டப்பாவைத் திறந்துவிட்டுத் தேடுகிறார். 'இன்றைய ஏலக்காய் விலை' என்று தேடுபவர் பெரும்பாலும் தோட்டக்காரர் அல்லது வியாபாரி. போடியிலும் கேரளத்துப் புத்தடியிலும் நடக்கும் ஸ்பைசஸ் போர்டு (மத்திய அரசின் நறுமணப் பொருள் வாரியம்) இ-ஏலத்தில் சராசரி என்ன போனது என்று பார்க்க வந்தவர் உங்களிடம் கால் கிலோ வாங்கப் போவதில்லை. தேடல் அதிகம் இருக்கிறதே என்று மயங்கி தினசரி விலைப்பட்டியல் போட்டால் கூட்டம் வரும், கல்லா நிறையாது.

சரி, வாங்குபவர் என்ன அடிப்பார்? கடைக்கு போன் செய்பவர் கேட்பதைத்தான். "8 எம்எம் இருக்கா? கிலோ என்ன? சென்னைக்குப் பார்சல் போடுவீங்களா?" (எம்எம் என்பது காயின் பருமன்.) ஒரு வாரம் போன் பக்கத்தில் நோட்டு வைத்து, கேட்ட வார்த்தையை அப்படியே எழுதுங்கள். அழகாக்கித் திருத்த வேண்டாம். உங்கள் முகப்பில் 'மலைவிளை நறுமண ஏலம்' என்று இருக்கிறது. கேட்க நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் அப்படி யாரும் தேடமாட்டார்கள். '8 எம்எம் ஏலக்காய் 1 கிலோ விலை', 'பேக்கரிக்கு ஏலக்காய் மொத்த விலை' போன்ற நீளமான தேடல்கள் எண்ணிக்கையில் சிறியவை. ஆனால் வருகிறவர் பையோடு வருவார்.

ஒவ்வொரு சொல்லையும் தேடி, முதல் பக்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்றும் பாருங்கள். அமேசானும் பெரிய பத்திரிகைகளுமாக நிறைந்திருந்தால் இப்போதைக்கு விட்டுவிடுங்கள். உங்களைப் போன்ற இரண்டு மூன்று சின்னக் கடைகள் தெரிந்தால் அந்தச் சொல்லுக்கு ஒரு தனிப் பக்கம் போடலாம்.

கூடலூரில் தோப்புக்குள் மூன்று அறை கட்டி வாடகைக்கு விடுகிறோம். வெப்சைட்டைப் பார்த்து போன் செய்பவர்களில் பாதிப் பேர் ஊட்டி எவ்வளவு தூரம் என்று கேட்கிறார்கள்! – தேனி மாவட்ட வாசகி

சிரித்துவிட்டேன், மன்னிக்கவும். உங்கள் பக்கம் முழுக்க வெறும் 'கூடலூர்' என்றுதான் இருக்கிறது. அந்தப் பெயருக்கு நீலகிரிக் கூடலூர் பெரிய போட்டி. கூகுளுக்கு நீங்கள் சொன்னால்தானே தெரியும்?

எல்லையோரத்தில் இந்தத் தலைவலி பலருக்கு உண்டு. கம்பத்தை ஆங்கிலத்தில் 'சி'யில் தொடங்கி எழுதினால் ஆந்திராவில் பெரிய ஏரியுள்ள இன்னொரு கம்பமும் குறுக்கே வரும். பாலக்காட்டுச் சித்தூர்க்காரர்களுக்கு ஆந்திரச் சித்தூரோடு இதே தொல்லை.

வழி எளிது. தலைப்பிலேயே ஊரோடு அடையாளத்தைச் சேருங்கள்: 'கம்பம் அருகே கூடலூர், தேனி மாவட்டம்'. உள்ளே லோயர் கேம்ப், குமுளி, தேக்கடி எல்லாம் எத்தனை கிலோமீட்டர் என்று உண்மையான தூரத்தைப் போடுங்கள். தேக்கடிக்குப் போகிறவர் அங்கே வாடகை கூடுதலாக இருந்தால் 'தேக்கடி பக்கத்தில் ரூம்' என்று தேடுவார். அவருக்கு நீங்கள் பொருத்தம். அதற்காக 'தேக்கடி ரிசார்ட்' என்று பெயர் வைத்துவிடாதீர்கள். வந்து இறங்கியவர் எழுதும் ரிவ்யூ நாலு வருஷம் பேசும்.

கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்ததைப் பற்றி எழுதலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சொல்லைச் செய்தித் தளங்கள் பிடித்துக்கொண்டிருக்கும். 'திராட்சைத் தோட்டத்துக்குள் போய்ப் பார்க்கலாமா, போட்டோ எடுக்க விடுவார்களா, எந்த மாதம் காய் இருக்கும்' என்று எழுதுங்கள். ஊர்க்காரர் எழுதினால்தான் அதில் விஷயம் இருக்கும்.

தமிழிலா, ஆங்கிலத்திலா, மலையாளத்திலா? எங்கள் ஜீப் சவாரிக்கு மூன்று பேருமே வருகிறார்கள். – குமுளி

தமிழ் பேசுகிறவர் தமிழ் எழுத்தில்தான் தேடுவார் என்று நினைக்க வேண்டாம். மதுரையிலிருந்து வருபவர்கூட 'குமுளி ஜீப் சஃபாரி பிரைஸ்' என்று ஆங்கில எழுத்தில் தட்டுவார். அதனால் முதல் பக்கம் எளிய ஆங்கிலத்தில் இருக்கட்டும். தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று தனித்தனி முகவரியில் போடுங்கள். ஒரே பக்கத்தில் மூன்றையும் கலந்தால் மூவருக்கும் குழப்பம். மலையாளத்தை இயந்திர மொழிபெயர்ப்பில் விட்டு அப்படியே ஒட்டாதீர்கள். உங்கள் டிரைவர்களில் மலையாளம் எழுதத் தெரிந்தவர் இல்லாமலா இருப்பார்?

கீவேர்டு பிளானரில் எங்கள் ஊர்ச் சொற்களுக்கு ஒன்றுமே காட்டவில்லை. யாருமே தேடவில்லையா? – பலர்

தேடுகிறார்கள். ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் கருவிதான் பிளானர். கூகுளின் விளம்பரச் சேவையான கூகுள் ஆட்ஸில் கணக்கு இருந்தால் அது இலவசம்; ஆனால் விளம்பரத்துக்குச் செலவு செய்யாதவருக்கு '10 முதல் 100', '100 முதல் 1000' என்று தோராய வீச்சாகத்தான் பெரும்பாலும் காட்டும். மிகச் சிறிய தேடல்கள் அதில் வராமலே போகும். தினமும் வரும் தேடல்களில் சுமார் 15 சதவீதம் அதுவரை யாரும் தேடாதவை என்று கூகுளே சொல்லியிருக்கிறது. பிளானரில் 'போட்டி' என்று இருக்கும் கட்டத்தையும் பலர் தப்பாகப் படிக்கிறார்கள். அது விளம்பரதாரர்களுக்குள் நடக்கும் போட்டி. இலவசத் தேடலில் மேலே வருவது கஷ்டமா சுலபமா என்பதை அது சொல்லாது.

'மெட்டா கீவேர்டு' 200 போட்டுத் தருகிறேன் என்று ஒருவர் பணம் கேட்கிறார். கொடுக்கலாமா? – களியக்காவிளை

கொடுக்காதீர்கள். மெட்டா கீவேர்டு என்பது பக்கத்தின் நிரலுக்குள், வாசகர் கண்ணுக்குத் தெரியாமல் எழுதும் சொற்பட்டியல். அந்த டேகைத் தரவரிசைக்குப் பார்ப்பதில்லை என்று கூகுள் 2009-லேயே அறிவித்துவிட்டது.

அண்ணாச்சி, குற்றாலம் சீசனுக்கு எப்போது பக்கம் எழுத ஆரம்பிக்கணும்? ஜூன்ல எழுதினோம், ஆகஸ்ட்லதான் நாலு பேர் வந்தாங்க. – செங்கோட்டை லாட்ஜ் உரிமையாளர்

சாரல் விழுந்த பிறகு எழுதினால் அப்படித்தான். புதுப் பக்கம் கூகுளில் நிலைகொள்ள வாரங்களும் ஆகலாம், மாதங்களும் ஆகலாம். ஒரு சொல்லின் தேடல் எப்போது ஏறி இறங்குகிறது என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் 'குற்றாலம்' என்று போட்டு, ஐந்து வருட வரைபடத்தில் ஏற்றம் எந்த வாரத்தில் தொடங்குகிறது என்று பாருங்கள். அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் பக்கம் தயாராக இருக்கட்டும். டிரெண்ட்ஸில் வரும் 100 என்பது நூறு பேர் இல்லை. அந்தக் காலகட்டத்தின் உச்சம்தான் 100, மற்றதெல்லாம் அதற்கு ஒப்பீடு.

வருஷத்துக்கு ஒரு புதுப் பக்கமும் வேண்டாம். 'குற்றாலம் சீசன் ரூம்' என்று ஒரே பக்கம், ஒரே முகவரி. ஒவ்வொரு ஏப்ரலிலும் வாடகையையும் படங்களையும் மாற்றுங்கள். இல்லாவிட்டால் உங்கள் பழைய பக்கமே புதுப் பக்கத்துக்குப் போட்டியாக நிற்கும்.

தேன் விற்கிறோம். தமிழில் இருபது பக்கம் இருக்கிறது. எங்கள் பக்கத்திலிருந்தே ஒரு வரியை எடுத்து கூகுளில் தேடினாலும் வரவில்லை. – மார்த்தாண்டம்

பக்கங்களைப் பார்த்தேன். இது கீவேர்டு பிரச்சினையே இல்லை. டிடிபி சென்டரில் அடித்த பாமினி எழுத்துருவை அப்படியே ஏற்றியிருக்கிறார்கள். கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும் அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துக்கள்தான். ஒரு வரியைக் காப்பி செய்து வாட்ஸ்அப்பில் ஒட்டிப் பாருங்கள், குப்பையாக விழும். கூகுள் படிப்பதும் அந்தக் குப்பையைத்தான். இலவச மாற்றிகளில் யூனிகோடுக்கு (எல்லாக் கருவியும் தமிழாகவே படிக்கும் பொது எழுத்து முறை) மாற்றி, ஒற்று, கொம்பு பிசகியிருக்கிறதா என்று ஒரு முறை கண்ணால் படித்து ஏற்றுங்கள்.

முகப்பில் விலைப்பட்டியலைப் படமாகப் போட்டிருப்பதையும் எழுத்தாக மாற்றுங்கள். 'மார்த்தாண்டம் தேன் 1 கிலோ' என்ற சொற்கள் உங்கள் தளத்தில் அந்தப் படத்துக்குள் மட்டும்தான் இருக்கின்றன.

ஒரு வருடமாகத் தளம் ஓடுகிறது. புதுக் கீவேர்டை இனி எங்கே தேடுவது? – கம்பம்

வெளியே தேட வேண்டாம். தள உரிமையாளர்களுக்கு கூகுள் இலவசமாகத் தரும் சர்ச் கன்சோலில் கடைசி 16 மாதம் வரை, எந்தத் தேடலுக்கு உங்கள் பக்கம் தெரிந்தது என்று இருக்கும். அதில் சராசரி இடம் 8 முதல் 20 வரை இருக்கும் சொற்களை மட்டும் பிரியுங்கள். கூகுள் உங்களை ஓரளவு ஏற்றுக்கொண்ட சொற்கள் அவை. அங்கே நீங்கள் எழுதவே எழுதாத கேள்வி ஒன்றாவது கிடைக்கும். நீங்கள் அனுப்பிய ஸ்கிரீன்ஷாட்டில் 'கம்பம் டு சபரிமலை வேன் வாடகை' என்று ஒரு வரி 14-ஆம் இடத்தில் நிற்கிறது. உங்கள் டிராவல்ஸ் பக்கத்தில் அந்த வாடகை எங்குமே எழுதப்படவில்லை. மண்டல சீசன் கார்த்திகை ஒன்றில் தொடங்குகிறது. அதற்குள் எத்தனை சீட், போக வர எவ்வளவு, காத்திருப்புக் கட்டணம் என்ன என்று எழுதி ஏற்றிவிடுங்கள்.